மிச்சப் பாட்டு

சின்ன மாமாவின் ஓட்டோவில் ஏறியவர்கள் வீடு வந்தவுடன் இறங்கிவிட முடியாது. பாட்டு முடிய வேண்டும். அதுதான் அவருடைய சட்டம். வீட்டுப் படலையில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும், நாய் குரைக்கும், குசினியில் ஏதாவது கருகும். ஆனாலும் கடைசிச் சரணம் முடிந்த பிறகுதான் காலைக் கீழே வைக்கலாம். ஓர்ஸ் ஹில்லில் கந்தோர் வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் இதனால் எத்தனையோ நாள் பிந்திப் போயிருக்கிறார்.

"தம்பி, நான் இறங்கட்டோ? சைன் வைக்க நேரமாகுது."

"கொஞ்சம் இருங்கோ அக்கா. சரணம் ஒண்டுதான் கிடக்கு."

"உம்மட வண்டியில ஏறுறதெண்டா லீவு போட்டுட்டுத்தான் ஏறவேணும் போல."

"லீவு போட்டா அடுத்த பாட்டையும் கேக்கலாம் அக்கா."

ஏசிக்கொண்டேதான் இறங்குவார். ஆனால் அடுத்த நாளும் அதே ஓட்டோவுக்குத்தான் கை காட்டுவார்.

இப்போது நானும் ஓட்டோதான் ஓடுகிறேன். பள்ளிக்கூடமும் நானும் பத்தாம் வகுப்போடு சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு எனக்கு வேறு என்ன வேலை தருவார்கள்? என் போனில் பாட்டு கடல்போலக் கிடக்கிறது. ஏறுகிற பொடியன்கள் தங்கள் போனை எடுத்து என் ஸ்பீக்கரோடு இணைத்து, ஒரு பல்லவியைக் கேட்பார்கள், வெட்டுவார்கள், இன்னொன்றின் பாதியைக் கேட்பார்கள், வெட்டுவார்கள். சந்திக்கு வருவதற்குள் பத்துப் பாட்டைக் கொன்றுவிடுவார்கள். மாமா இருந்திருந்தால் அவர்களை நடு வீதியில் இறக்கிவிட்டிருப்பார். பாட்டு முடிந்த பிறகு.

மாமா அம்மாவின் தம்பி. அவரைத் தூக்கி வளர்த்தது அம்மாதான். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். கலியாணம் ஆகவில்லை. "உன்ர வண்டியில ஏத்தினா பொம்பிளை வந்து சேர முன்னம் முகூர்த்தம் போயிடும். ஆர் உனக்குத் தருவினம்?" என்று அப்பா கேட்பார். அப்பா மேசன் வேலை செய்தார். பாட்டென்றால் அவருக்கு வானொலியில் செய்திக்கு முன்னால் வருகிற சத்தம், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். சாரதி ஆசனத்தின் ஓரத்தில், அரைக் குண்டி உள்ளேயும் அரைக் குண்டி வெளியேயுமாக, மாமாவோடு ஒட்டிக்கொண்டு இருப்பேன். பொலிஸ் நின்றால் குனிந்துவிட வேண்டும். ஏன் பாட்டை நடுவில் நிறுத்தக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன்.

"சண்டைக் காலத்தில நான் ஒரு பாட்டைக்கூட முழுசாக் கேட்டதில்லையடா," என்றார். "பாதியில கரண்ட் போகும். கரண்ட் இருந்தா, பாட்டு நல்லாப் போய்க்கொண்டிருக்கேக்க சனம் ஓடத் தொடங்கும். பாட்டை விட்டுட்டு நாங்களும் ஓடுவம். இப்ப ஒருத்தரும் துரத்தேல்லை. இருந்து முழுசாக் கேள்."

எனக்கு அது பெரிய காரணமாகத் தெரியவில்லை. ஓடுகிறபோது றேடியோவையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று நினைத்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கணினியிலிருந்து பென் டிரைவுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் கிண்ணியாவிலிருந்து பாலத்தால் பஸ்ஸில் வந்து போகிற ஒரு முஸ்லிம் நானா. மாமா ஒவ்வொரு கிழமையும் பென்னைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அழித்து, வேறு வரிசையில் போடச் சொல்லுவார். நானா தலையில் கைவைப்பார்.

"மறுகா நாளைக்கு வந்து பழைய மாதிரி வை எண்டுவாய். ஒனக்குப் பாட்டு அடிச்சித் தாறதும் ஊட்டுல பொண்டாட்டிக்குப் புடவை எடுக்கிறதும் ஒண்டுதான், தம்பி."

"அவவுக்கு ஒரு புடவை காணும் நானா. நான் ஒரு ஊருக்கே உடுப்பு எடுக்கவேணும்."

உண்மையில் அப்படித்தான். மீன்பெட்டியோடு ஏறுகிறவருக்குத் தாளம் தட்டுகிற பாட்டு. கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் சாமிப் பாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு வார்த்தையே இல்லாத புல்லாங்குழல். ஆளைக் கண்ணாடியில் ஒருமுறை பார்ப்பார், பொத்தானை அமத்துவார், சரியான பாட்டு வந்து நிற்கும். ஓட்டோவில் பூட்டியிருந்த அந்தப் பாட்டுச் செட்டில் உயிரோடு இருந்தது அடுத்த பாட்டுக்குப் போகிற அந்த ஒரு பொத்தான்தான். மற்றவை எப்போதோ தேய்ந்து செத்துப்போய்விட்டன. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழை, பயணிகள் கைவைக்கக்கூடாது என்று, மாமாவே கழற்றித் தன் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். வண்டியின் திறப்பைத் திருப்பினால் செட் பாடும், மறுபக்கம் திருப்பினால் வாய் மூடும். மற்றப்படி அதற்கு ஒரு நல்ல குணம் இருந்தது. நிறுத்திய இடத்தை மறக்காது. எத்தனை நாள் கழித்துத் திறப்பைப் போட்டாலும் விட்ட சொல்லிலிருந்து தொடங்கும். பென்னைக் கழற்றினால் மட்டும் எல்லாம் மறந்து முதற் பாட்டுக்குப் போய்விடும்.

பென்னின் கடைசியில் அம்மாவுக்கென்று ஒரு பாட்டு இருந்தது. அம்மா இளம் பெண்ணாக இருந்தபோது பாதியைக் கேட்டு, மீதியைக் கேட்கக் கிடைக்காமல் போன ஏதோ ஒரு பழைய படத்துப் பாட்டு. நானா எங்கெங்கோ தேடிப் பிடித்துக் கொடுத்தார். முதற்பாதியில் பெண் எப்போது வருவாய் என்று கேட்பாள். பிறகு புல்லாங்குழல் வரும். இரண்டாம் பாதியில் ஆண் வந்துகொண்டேயிருக்கிறேன் என்பான். சினிமாவில் வேறு என்ன சொல்லுவார்கள்?

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்புகிறபோது மாமா அந்தப் பாட்டைப் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா சோற்றுக்கோப்பையை எடுப்பார். பெண் பாடுகிற பகுதியை அம்மா குசினியிலிருந்து கூடவே பாடுவார். புல்லாங்குழல் வருகிறபோது வண்டி படலைக்கு வந்துவிடும். ஆண் பாடுகிற பகுதியை மாமா வண்டிக்குள் இருந்தபடியே தொண்டை கிழியப் பாடி முடிப்பார். அப்பாவுக்கு இது ஒவ்வொரு நாளும் புதுச் சங்கடம்.

"உதென்ன கூத்து? அக்காவும் தம்பியும் காதல் பாட்டுப் பாடுகினம். அயலுக்குக் கேக்குது."

"அத்தான், சொல்லை ஆர் பாத்தது? நாங்கள் மெட்டைத்தானே பாடுறம்."

"மெட்டுக்கும் வெக்கம் வேணும்."

அம்மா சிரித்துச் சிரித்துச் சோற்றைச் சிந்திவிடுவார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சந்தோசம் எதுவும் எனக்கு நினைவில்லை. பிறகும் வரவில்லை.

ஒரு பின்னேரம் மாமா ஆள் ஏற்றாமல் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். ஐஸ்பழம் வாங்கித் தந்தார். ஒன்றல்ல, கேட்கக் கேட்க வாங்கித் தந்தார். அதுவே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய விசயம். துறைமுகம் தெரிகிற வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே நின்ற கப்பல்களையும் மலைகளுக்கு நடுவே கடல் வெளியே போகிற வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உந்தக் கப்பல் எங்க போகும்?"

"கப்பல் எங்கயும் போகும். வள்ளமெண்டாத்தான் யோசிக்கவேணும்."

"நீங்கள் வள்ளத்திலயோ போறீங்கள்?"

"நான் கொழும்புக்குப் போறன். வண்டிக்கு ஸ்பீக்கர் வாங்க. லைட் எரியிற ஸ்பீக்கர். அடிக்க அடிக்க நிறம் மாறும்."

அதற்குப் பிறகு எனக்குக் கப்பலும் தேவைப்படவில்லை, கடலும் தேவைப்படவில்லை.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் அம்மாவின் பாட்டைப் போட்டார். குசினியிலிருந்து அம்மாவின் குரல் வரவில்லை. செட்டுக்குள் இருந்த பெண் மட்டும் தனியாகப் பாடினாள். படலைக்கு வந்தபோது புல்லாங்குழல் தொடங்கியது. மாமா திறப்பைத் திருப்பினார். பாட்டு வெட்டுப்பட்டது.

என் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. "மாமா! பாட்டு முடியேல்லை!" என்று கத்தினேன்.

"மிச்சத்தை வந்து கேப்பம்," என்றார். பெரிய சட்டம் பேசுகிறவர் தன் சட்டத்தைத் தானே மீறிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோசம். இனி இதைச் சொல்லிச் சொல்லியே அவரைப் பகிடி பண்ணலாம்.

உள்ளே ஒரு சின்னப் பை கட்டி வைத்திருந்தது. கொழும்புக்குப் போகிறவர் இரண்டு போத்தல் தண்ணீரும் ஒரு பொதி பிஸ்கற்றும் ஏன் கொண்டுபோகிறார் என்று நான் கேட்டேன். வழியில் பசிக்கும் என்றார்கள். மாமா ஓட்டோவின் திறப்பை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அம்மா அவருடைய தலையைத் தடவி, "போய்ட்டு வா," என்றார். அயலட்டைக்குத் தெரியக்கூடாது என்பதால் ஒருவரும் படலைவரை போகவில்லை. மாமா நடந்து போனார். சட்டைப் பையில் அந்தக் குமிழ் புடைத்துக்கொண்டு தெரிந்தது. செட்டுக்குரிய குமிழைக் கொண்டுபோனால்தானே கடைக்காரன் சரியான ஸ்பீக்கரைக் காட்டுவான் என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு போனுக்கு முன்னால் குந்தியிருந்தது. அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு மகனிடமிருந்து அழைப்பு வந்ததாம், ஏதோ தீவில் இறங்கிவிட்டானாம் என்று சொன்னார்கள். அவன் போனது வேறு வள்ளமாம். அம்மா அந்த வீட்டுக்கு ஓடிப்போய், மாமாவைப்பற்றி ஒரு செய்தியும் இல்லாமல் திரும்பி வந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமா கட்டாரில் என்று அப்பா சொன்னார். எனக்குக் கொழும்பில் என்றார்கள். கதவுக்குப் பின்னால் அவுஸ்திரேலியா என்று கதைத்தார்கள். மனிதன் இப்படி நாடு நாடாகச் சுற்றிக்கொண்டு என் ஸ்பீக்கரை மறந்துவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் கோபம்.

ஒருநாள் அம்மா அலுமாரிக்குப் பின்னால் சுவரில் தலையை முட்டி முட்டி, "நான்தானே போ எண்டனான். அவன் மாட்டன் எண்டு நிண்டவன். நான்தானே போ எண்டனான்," என்று அழுதுகொண்டிருந்தார். ஸ்பீக்கர் வாங்கப் போகச் சொன்னதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை.

ஓட்டோ முற்றத்தில் முருங்கைக்குக் கீழே நின்றது. அம்மா திறப்பைச் சட்டையில், தாலிக்கொடிக்குப் பக்கத்தில், ஊசியால் குத்தி வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் முதல் வேலை, வண்டியின் கண்ணாடியைத் துடைப்பது. ஆசனத்தில் விழுந்த முருங்கை இலைகளைப் பொறுக்குவது. ஆனால் திறப்பைப் போட்டு எஞ்சினை ஒருவரும் இழுக்கக்கூடாது. இழுத்தால் செட் பாடும், மிச்சப் பாட்டு ஓடிவிடும். மாமா வந்து கேட்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனதை வேறு ஆட்கள் கேட்டு முடித்துவிடக்கூடாது. அம்மா அதை அப்படித்தான் சொன்னார், பானையில் எடுத்து வைத்த சோற்றைப்பற்றிச் சொல்வதுபோல.

மாரி தொடங்கியது. மழைக்கு மேசன் வேலை இல்லை. அப்பா முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பார்.

"இஞ்சாரும். திறப்பைத் தாரும். நான் ரெண்டு ஹயர் ஓடிட்டு வாறன்."

"ஏலாது."

"பென்னைக் கழட்டிப்போட்டு ஓடுறன்."

"கழட்டினா அது மறந்திடும்."

"மறக்கிறது செட்டுத்தானே. அவன் இல்லையே."

"அவன் வந்து, மிச்சம் எங்க அக்கா எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

அப்பாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தார், பிறகு மழையைப் பார்த்தார். அப்பா தோற்றுப்போகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா குசினியில் வேலை செய்கிறபோது தன்னை அறியாமல் அந்தப் பாட்டின் முதற்பாதியை முணுமுணுப்பார். புல்லாங்குழல் வருகிற இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவார். நான் சும்மா இருக்கிற ஆளா? யன்னலுக்கு வெளியே நின்று, ஆண் குரலில், இரண்டாம் பாதியைத் தொடங்குவேன். அகப்பை பறந்து வரும். ஒருமுறை நெற்றியில் பட்டு வீங்கியது. அடித்த அம்மாவே மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு, "உந்தப் பகுதியைப் பாடாத, மகன். வேற எதை வேணுமெண்டாலும் பாடு," என்றார். இது என்ன, ஒரே பாட்டில் ஒரு பாதி நல்லது, மறுபாதி கூடாதா என்று நான் வியந்தேன்.

அந்த மழைக்குள்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது. வகுப்புச் சோதனை நேரம். சோதனைக் காலையில் வயிற்றுக்குத்து, தலையிடி, கால் உளைவு எல்லாவற்றையும் மாறி மாறி நடித்துப் பழகிய ஆள் நான். அதனால் அம்மா முதலில் திரும்பியும் பார்க்கவில்லை.

"எழும்படா. இண்டைக்குக் கணக்குச் சோதனை. உன்ர நடிப்புக்கெல்லாம் நான் எடுபடமாட்டன்."

"உண்மையா ஏலாதம்மா."

"போன முறையும் உண்மையா எண்டுதான் சொன்னனீ."

பிறகு நெற்றியைத் தொட்டார். கை பட்டவுடன் எடுத்துவிட்டார். பனடோலும் கொத்தமல்லியும் குடித்துக் குடித்துக் கிடந்தேன். காய்ச்சல் விட்டதுபோல இருந்தது, எல்லாரும் மூச்சு விட்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் வாய் கொப்பளித்தபோது துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. பல்லீறிலிருந்து ரத்தம். கால்கள் குளிர்ந்துவிட்டன. "டெங்கு," என்றார் அப்பா. அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுத் தடியனை.

வெளியே மழை ஒழுங்கையை வாய்க்காலாக்கியிருந்தது. அப்பா சந்திவரை ஓடிப்போய் நனைந்து திரும்பி வந்தார். ஒரு வண்டியும் இல்லை. மாமாவோடு ஸ்டாண்டில் நின்றவர்களுக்குப் போன் எடுத்தார். "அண்ணை, இஞ்ச முழங்கால் தண்ணி, அரை மணித்தியாலம் பொறுங்கோ," என்றான் ஒருவன். இன்னொருவன் எடுக்கவேயில்லை. நான் அம்மாவின் சீலையில் வாந்தி எடுத்தேன். அதுவும் கறுப்பாக இருந்தது.

அப்பா அம்மாவின் முன்னால் வந்து நின்றார். கையை மட்டும் நீட்டினார்.

அம்மா தாலிக்கொடிக்குப் பக்கத்தில் இருந்த ஊசியைக் கழற்றப் பார்த்தார். ஊசி திறக்கவில்லை. பிறகு ஊசியோடு சேர்த்து இழுத்தார். சட்டை கிழிந்து திறப்பு கையோடு வந்தது.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார். இத்தனை நாள் நின்ற வண்டி, பேட்டறி இறங்கியிருக்கும் என்று அப்பா பயந்தார். கைபிடியை இழுத்து இழுத்து, ஆறாவதோ ஏழாவதோ முறை எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. செட்டில் சின்னப் பச்சை லைட் எரிந்தது. அந்தக் கணத்தில் அப்பா பாய்ந்து பென்னில் கைவைத்தார். அம்மாவுக்காகத்தான். கேட்காமல் இருக்கட்டும் என்று.

"கழட்டாதேங்கோ!"

"பாட்டு ஓடப்போகுது. கழட்டட்டோ, விடட்டோ? கெதியாச் சொல்லும்!"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். என் வாயோரத்தில் இருந்ததைச் சீலைத் தலைப்பால் துடைத்தார்.

"விடுங்கோ. பாடட்டும். நீங்கள் பிள்ளையைக் கொண்டு போங்கோ."

விட்ட இடத்திலிருந்து புல்லாங்குழல் தொடங்கியது. குமிழ் இல்லாத செட். சத்தத்தைக் குறைக்கவும் வழியில்லை. மாமா வைத்துவிட்டுப் போன அதே உச்சச் சத்தம். வண்டி ஒழுங்கைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக, ஆண் பாடத் தொடங்கினான்.

எனக்கு அந்தப் பயணம் நன்றாக நினைவிருக்கிறது. காய்ச்சலில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பஸ் ஹோல்ட்டுக்குள் மனிதர்களுக்குப் பதிலாக, எங்கள் ஊர் வீதிகளில் திரிகிற மான்கள் மழைக்கு ஒதுங்கி நின்றன. கொம்புள்ள ஒன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கந்தோர்க்காரர் மாதிரி எங்களைப் பார்த்தது. நான் சிரித்தேன். மாமா பாடுகிற மாதிரியே இருந்தது. தொண்டை கிழிய.

"அம்மா, மாமா வந்திட்டார்," என்றேன்.

அம்மா சீலைத் தலைப்பால் என் தலையை மூடினார். என்னை இறுக்கிக்கொண்டார். பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்தது. வந்துகொண்டேயிருக்கிறேன், வந்துகொண்டேயிருக்கிறேன் என்று ஆண் திரும்பத் திரும்பச் சொல்லி, மெல்ல மெல்லத் தேய்ந்து, நின்றான். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அப்போது அம்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிணற்றுக்குள் வாளி கயிறு அறுந்து விழுந்தால் வருமே, அப்படி ஒன்று. பிறகுதான் அழுகை வந்தது. அவருடைய உடம்பு முழுக்கக் குலுங்கியதில் என் பல் ஒன்றோடொன்று அடித்தது.

அது பென்னில் கடைசிப் பாட்டு. அதனால் செட் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. மீன்காரர்களுக்கு மாமா போடுகிற குத்துப் பாட்டு. மேளமும் விசிலுமாக ஓட்டோ ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. குடை பிடித்து நின்றவர்கள், கலியாண வீட்டுக்காரர் வழி தவறி வந்துவிட்டார்களோ என்பதுபோல் பார்த்தார்கள். அப்பா திறப்பைத் திருப்பினார்.

"அப்பா, பாட்டு முடியேல்லை," என்றேன். சட்டம் சட்டம்தானே. மாமா வந்து கேட்டால்?

அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

"முடிஞ்சுது, மகன்," என்றார்.

சேலைன் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள், ஒரு கிழமைக்கு மேல் படுத்துக் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பொடியனிடம் நான் அடித்த பெருமைக்கு அளவில்லை. "எனக்குச் சுகமில்லை எண்டு எங்கட அம்மா எப்பிடி அழுதவ தெரியுமோ? ஓட்டோவே ஆடினது. உன்ர அம்மா அப்பிடி அழுதவவோ?" அவன் தன் அம்மாவைச் சந்தேகத்தோடு பார்த்தான். பிறகும் எத்தனையோ வருசம் இதை வைத்துத்தான் நான் வீட்டில் காரியம் சாதித்தேன். எதையாவது கேட்டு அம்மா மறுத்தால், "அண்டைக்கு எனக்காக அந்த அழுகை அழுதனீங்கள், இதைத் தரமாட்டீங்களோ?" என்பேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கேட்டதைத் தந்துவிடுவார்.

வீட்டுக்கு வந்தபோது சில விசயங்கள் மாறியிருந்தன. ஓட்டோ முற்றத்தில் இல்லை. அப்பா அதை எடுத்துக்கொண்டு ஹயர் போயிருந்தார். பென் சாமித்தட்டில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. செட்டில் போடப் பாட்டு இல்லை. பென்னுக்குப் பக்கத்தில் மாமாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, விளக்கு வைத்திருந்தார்கள். கட்டாரிலோ அவுஸ்திரேலியாவிலோ அவருக்குப் பெரிய வேலை கிடைத்துவிட்டது, அதுதான் இந்த மரியாதை என்று நினைத்தேன். கடற்கரையில் ஐயரை வைத்து ஏதோ செய்ததாகவும் கேள்விப்பட்டேன். நான் சுகமானதற்கு நேர்த்தி வைத்திருப்பார்கள்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. குசினியிலிருந்து பாட்டே கேட்கவில்லை. இரண்டாம் பாதிதான் முன்பும் இல்லை. இப்போது முதற்பாதியும் இல்லை. தேங்காய் திருவுகிற சத்தம், கறி கொதிக்கிற சத்தம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் என்னோடு கிடந்து கிடந்து அம்மாவுக்குப் பாட்டு மறந்துபோய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

அதனால் ஒருநாள் குசினி வாசலில் போய் நின்றேன். அம்மா தேங்காய் திருவிக்கொண்டு திருவலையில் இருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவுக்கு மறந்துபோன இடத்தை, அதாவது பெண் எப்போது வருவாய் என்று கேட்கிற இடத்தைப் பாடிக் காட்டினேன். அகப்பை வருமோ என்று ஒரு கண் வைத்துக்கொண்டுதான். வரவில்லை. புல்லாங்குழலை விசிலில் அடித்தேன். அப்போதும் வரவில்லை. துணிந்து ஆண் குரலுக்கு மாறினேன். அம்மா திருவுவதை நிறுத்திவிட்டு, பாதித் தேங்காயைக் கையில் பிடித்தபடி, தலை குனிந்து இருந்தார்.

நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தக்கூடாது என்பது மாமாவின் சட்டம். வந்துகொண்டேயிருக்கிறேன், வந்துகொண்டேயிருக்கிறேன் என்று மாமாவைப் போலவே தொண்டை கிழியப் பாடி, கடைசிச் சொல்வரை முடித்தேன்.

"நல்லா இருந்ததோ அம்மா?"

"ஓம், மகன்," என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமல். "நல்லா இருந்தது."

என் பாட்டில் மயங்கித்தான் அம்மா எழும்ப முடியாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மாமா வந்ததும் இதையும் சொல்லவேண்டும் என்று விளையாட ஓடிவிட்டேன்.